கொல்லிமலை மாந்திரீகனும் ஒரு பொட்டி தட்டுறவனும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க முளைக்குது. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியலை. போன வாரம்தான் ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விட நேரம் கிடைச்சுது. கிடைச்ச நேரத்துல நல்ல பிள்ளையா தூங்காம, 'மர்மதேசம்' சீரியலை முதல்லேர்ந்து திரும்பவும் பார்த்துத் தொலைச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

ஆரம்பத்துலேயே டிஸ்கி போட்டுடறேன். நான் விமர்சகன் எல்லாம் கிடையாது. உலக சினிமா பார்க்க உக்காந்தா அரை மணி நேரத்துல குறட்டை விடற ஆசாமி. முதல் நாள் முதல் காட்சி, விசில், இடைவேளையில பாப்கார்ன், இவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச சினிமா. ஆனா ஒரே ஒரு விஷயத்துல எனக்கு எக்ஸ்பர்ட் தகுதி இருக்கு. எனக்குச் சொந்த ஊரு கொல்லிமலை. அதனால தமிழ் சினிமாவும் டிவியும் கொல்லிமலையை எப்படிக் காட்டுதுங்கறதைப் பத்திப் பேச, நாமக்கல் மாவட்டத்துலேயே என்னை விட்டா ஆளு கிடையாது (சரி, இன்னும் சில ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்க யாரும் பதிவு எழுதறதில்லை. ஹி ஹி).

அந்த சீன் உங்களுக்கே தெரியும். ஹீரோவை எந்த வழியிலயும் வில்லனால ஜெயிக்க முடியாது. பக்கத்துல நிக்கிற அல்லக்கை காதோரமா குனிஞ்சு, "கொல்லிமலையில ஒருத்தர் இருக்காருங்க"ம்பான். கட். மேகம். உடுக்கைச் சத்தம். ஒரு ஜீப்பு வளைஞ்சு வளைஞ்சு மலையேறும். அடுத்த ஷாட்டுல குகை. மண்டை ஓடு, குங்குமம் தடவின எலுமிச்சம்பழம், ஏழெட்டு தீப்பந்தம். தாடிக்குள்ளேர்ந்து ஒரு சிரிப்பு.

டைரக்டர் கொஞ்சம் டீசன்ட்டான ஆளா இருந்தா மந்திரவாதிக்குப் பதிலா சித்தர் வருவார். எலுமிச்சைக்குப் பதிலா மூலிகை. உடுக்கைக்குப் பதிலா புல்லாங்குழல். மேகமும் குகையும் ஜீப்பும் மட்டும் மாறவே மாறாது.

எங்க ஆயாதான் இந்த மாதிரி சீனுக்கெல்லாம் சரியான விமர்சகர். 2006ல அரசாங்கம் இலவச கலர் டிவி திட்டம் கொண்டுவந்துச்சு இல்லையா, அதுல எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சு. எங்க கைக்கு வந்து சேர்றப்ப நான் ஆறாவது. அன்னியிலேர்ந்து ஆயா டிவி முன்னாடிதான். 'கோலங்கள்' ஓடினப்ப தேவயானிக்காக அழுததும், அந்த ஆதியை வாய்க்கு வந்தபடி திட்டினதும் எங்க தெருவே கேட்டிருக்கு. ஒரு நாள் ஏதோ சாமி படத்துல இந்தக் கொல்லிமலை மாந்திரீகன் வந்தான். ஆயா உத்துப் பார்த்துட்டுக் கேட்டுச்சு:

"இந்தாளு எந்த நாட்டுக்காரன்டா? வளப்பூரா, சேலூரா, குண்டூரா?"

(எங்க மலை 14 நாடு. நாடுன்னா இந்தியா பாகிஸ்தான் இல்லை, ஊர்க் கூட்டம். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த நாடுங்கறதுதான்.)

"சினிமா ஆயா அது. நெஜம் இல்லை."

"அதான் பாத்தேன். நம்மூர்க்காரன் எவன் இப்படி எலும்பு மாலையைப் போட்டுக்கிட்டுத் திரிவான்? மழையில கழுத்தெல்லாம் புண்ணாப் போயிரும்."

ஒரு காஸ்ட்யூம் டிசைனருக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைக்குமா சொல்லுங்க.

சரி, மர்மதேசத்துக்கு வர்றேன். கே.பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். 90களோட பிற்பாதியில அது டிவியில வந்தப்ப நான் ஒண்ணு பிறக்கலை, இல்லைன்னா தொட்டில்ல இருந்தேன். நான் பார்த்தது எல்லாம் யூட்யூப்ல, ஹாஸ்டல்ல, செமஸ்டர் லீவுக்கு முந்தின ராத்திரிகள்ல. 'ரகசியம்' பார்த்துட்டு நவபாஷாண லிங்கக் கனவு வந்தது ஒரு வாரம். 'விடாது கருப்பு' பார்த்துட்டு ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாப் போகாம ரூம்மேட்டை எழுப்பினது ரெண்டு வாரம்.

ஏன் இன்னிக்கும் அது நிக்குதுன்னு யோசிச்சேன். எனக்குத் தோணின காரணம் ஒண்ணுதான். பயமுறுத்திட்டு ஓடிப்போகாது. ஒவ்வொரு மர்மத்துக்கும் பக்கத்துல ஒரு கேள்வியை உக்கார வச்சிருக்கும். சாமி குத்தம்னு ஒருத்தர் சொன்னா, இல்லை மனசு சம்பந்தப்பட்டதுன்னு இன்னொருத்தர் சொல்லுவார். ரெண்டு பேரும் முட்டாளாத் தெரிய மாட்டாங்க. 'விடாது கருப்பு'ல அந்தக் கிராமம் வெறும் செட்டு கிடையாது. அங்க பண்ணை இருக்கும், சொத்துத் தகராறு இருக்கும், வயசானவங்க இருப்பாங்க, புரளி பேசற வாய்ங்க இருக்கும். கருப்பு குதிரையில வர்றதுக்கு முன்னாடியே அந்த ஊருல மனுஷங்க வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. அதனாலதான் கருப்பு வந்தப்ப பயந்தோம்.

2024 அக்டோபர்ல நாகா 'ஐந்தாம் வேதம்'னு ஜீ5ல ஒரு தொடர் எடுத்தார். சாய் தன்ஷிகா நடிச்சது. ஆசையா உக்காந்தேன். பழைய வாசனை அங்கங்க வந்துச்சு, ஆனா தொட்டில் பழக்கம் மாதிரி மர்மதேசமே மனசுல நிக்குது. அடுத்த மாசமே இந்திரா சௌந்தர்ராஜன் காலமாயிட்டார். அன்னிக்கு ராத்திரி 'விடாது கருப்பு' முதல் எபிசோடைப் போட்டுட்டு உக்காந்தேன். ஒரு எழுத்தாளருக்கு ரசிகனா செய்ய முடிஞ்ச அஞ்சலி அவ்வளவுதான்.

இவ்வளவு பாராட்டிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. மர்மதேசத்துக்கு அப்புறம் சித்தர், மூலிகை, மலை, குகைன்னு வந்த எக்கச்சக்கமான சீரியல், படம், இப்ப யூட்யூப் வீடியோ எல்லாம், அதுலேர்ந்து மர்மத்தை மட்டும் காப்பி அடிச்சுது. பக்கத்துல இருந்த கேள்வியை விட்டுட்டுது. ஊருல இருந்த மனுஷங்களையும் விட்டுட்டுது. மிச்சம் இருந்தது மேகமும் ஜீப்பும்தான்.

இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு நீங்க கேக்கலாம். எனக்குத்தான் :)

முதல் வேலையில சேர்ந்த அன்னிக்கு, ஓஎம்ஆர்ல ஒரு கண்ணாடிக் கட்டடத்தோட கேன்டீன்ல நடந்த உரையாடல் இது.

"நேட்டிவ் எங்க ப்ரோ?"

"கொல்லிமலை."

"அப்பா அங்க வேலை பார்க்கறாரா?"

"இல்லை, ஊரே அதான். நாங்க மலையாளிங்க."

"ஓ, கேரளாவா! சொல்லவே இல்லை. ஓணத்துக்குப் பாயசம் உண்டுல்ல?"

இந்த இடத்துல ஒரு சின்ன வகுப்பு எடுத்துடறேன். எங்க மலையில வாழற எங்க ஜனத்துக்குப் பேரே மலையாளி. பழங்குடிப் பட்டியல்ல இருக்கிற பேரு. கேரளாவுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பேசறது தமிழ். மலையில இருக்கிற ஆளுங்க, அதனால மலையாளி. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன்னு பக்கத்து மலை எல்லாத்துலயும் இருக்கோம். காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த அண்ணன் தம்பிங்க மலைக்கு ஒருத்தராப் பிரிஞ்சு போனாங்கன்னு எங்க பெரியவங்க கதை சொல்லுவாங்க.

இதை எல்லாம் விளக்கி முடிச்சப்புறம் அந்த நண்பர் ரொம்ப சீரியஸாக் கேட்டார்: "அப்ப இந்த மை, வசியம் எல்லாம்...?"

தமிழ் சினிமாவுக்கு மாந்திரீகம் சப்ளை ஆகறது ரெண்டு இடத்துலேர்ந்து. ஒண்ணு மலையாள மாந்திரீகம், இன்னொண்ணு கொல்லிமலை மாந்திரீகம். நான் கொல்லிமலை மலையாளி. டபுள் ஆக்‌ஷன்! அதுக்கப்புறம் சர்வர் படுத்துக்கிட்டா என் சீட்டுக்கு வந்து "மச்சி, ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடேன்"னு கேக்கறது அந்த டீமுல வழக்கமாயிடுச்சு. நானும் சிரிச்சேன். ஒரு நாள் நெஜமாவே எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். சர்வர் எந்திரிச்சிருச்சு. என் மார்க்கெட் எகிறிடுச்சு. அது வேற கதை.

மசாலாதான் வேணும்னா எங்க மலையில ஒரிஜினல் சரக்கே இருக்கே, யாரும் ஏன் தொட மாட்டேங்கறாங்கன்னு எனக்குப் புரியலை. வல்வில் ஓரியை எடுத்துக்குங்க. கடையேழு வள்ளல்கள்ல ஒருத்தர், கொல்லிமலைத் தலைவர். புறநானூறு 152வது பாட்டுல வன்பரணர் ஒரு வேட்டையைச் சொல்றார். ஒரே ஒரு அம்பு. அது யானையைத் துளைக்குது, அப்புறம் புலி, அப்புறம் மான், அப்புறம் காட்டுப்பன்றி, கடைசியா புத்துக்குள்ள இருந்த உடும்பு. 'பாகுபலி 2'ல பிரபாஸ் ஒரே நேரத்துல மூணு அம்பு விட்டதுக்கு தியேட்டரே எந்திரிச்சு நின்னுச்சு. எங்காளு ஒரே அம்புல அஞ்சு. சிக்கனத்திலயும் நாங்கதான் முன்னோடி.

அதைவிட எனக்குப் பிடிச்சது அந்தப் பாட்டுல அடுத்து வர்ற விஷயம். பாணர்களுக்கு இந்த வேட்டைக்காரன் யாருன்னு தெரியாது. பாடறாங்க. புகழ்ந்து பேர் சொல்லும்போது அவர் வெக்கப்படறார். அப்புறம் சமைச்ச கறியும் கொடுத்து, பொன்னும் மணியும் அள்ளிக் கொடுக்கறார். டைட்டில் கார்டுல தன் பட்டப்பேரு வர்றதுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கற நம்ம ஹீரோக்கள் காலத்துல, பேரைக் கேட்டு வெக்கப்படற ஒரு மாஸ் ஹீரோ! கிளைமாக்ஸும் ரெடி. திருமுடிக்காரி ஓரியைக் கொன்னு கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துட்டான். செம்மேட்டுல ஓரிக்குச் சிலை இருக்கு, வருஷா வருஷம் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் நடக்குது. ஒரு டைரக்டராவது அந்தக் கூட்டத்துல வந்து நின்னுருக்கலாம்.

கொல்லிப்பாவையும் அப்படித்தான். இப்ப வீடியோ தம்ப்நெயில்ல பாவைன்னா சிரிச்சே ஆளைக் கொல்ற பேய். சங்கப் பாட்டுல பாவை ரொம்ப வேற. நற்றிணையில காத்து அடிச்சாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குறையாத உருவமா வர்றா. காதலன் தன் காதலிக்கு உவமையாச் சொல்றான். ரெண்டாயிரம் வருஷத்துல கதாநாயகியைப் பேயாக்கிட்டோம்.

இது வரைக்கும் எல்லாம் சும்மா ஜாலி. இதை எழுத உக்கார வச்ச விஷயம் வேற.

இப்ப இருக்கிற டீம்ல ஒரு சீனியர் இருக்கார். நாப்பது தாண்டினவர். எலுமிச்சம்பழ ஜோக் அடிக்கிற கோஷ்டி கிடையாது. அதிர்ந்து பேசாத மனுஷன். போன வருஷம் ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் தனியாக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கண்ணா."

"அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். பாவம், நொந்துட்டார். அம்மா என்ன சொல்றாங்கன்னா, இதை எல்லாம் நிறுத்திட்டுக் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு மண்டலம் வச்சுப் பார்க்கலாம்னு. சீரியல்ல பாத்திருக்காங்க, வீடியோவும் நிறைய பாக்கறாங்க. அங்க சித்தர் வழியில வந்தவங்க யாராச்சும்... உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா..."

எலுமிச்சம்பழத்துக்குச் சிரிச்ச மாதிரி இதுக்குச் சிரிக்க முடியலை. டயாலிசிஸை நிறுத்தினா என்ன ஆகும்னு அவருக்கும் தெரியும். சில நாள், மிஞ்சிப் போனா சில வாரம். ஆனா டிவியில வர்ற அந்த மலையில, மேகத்துக்கு நடுவுல, ஒரு தாடிக்காரர் கையில ஒரு கிண்ணம் இருக்கு. நாப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஊசிக்கும் குழாய்க்கும் நடுவுல கிடக்கறதைப் பார்க்கிற ஒரு அம்மாவுக்கு அந்தக் கிண்ணம் எவ்வளவு பக்கத்துல தெரியும்!

நான் அவருக்கு லெக்சர் எதுவும் கொடுக்கலை. எங்க ஆயா கதையைச் சொன்னேன்.

2021 ஐப்பசி. வொர்க் ஃப்ரம் ஹோம் சமயம். நான் வீட்டுலதான் இருந்தேன் (பாறை மேல ஏறி சிக்னல் பிடிச்சு ஸ்டாண்டப் கால் பேசினதுக்கு ஒரு தனிப் பதிவே போடலாம்). ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சீரியல் பார்த்துக்கிட்டு இருந்த ஆயா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சிருச்சு. வேர்த்துக் கொட்டுது. செம்மேடு ஆஸ்பத்திரியில பார்த்துட்டு உடனே நாமக்கல் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. 108ல ஏத்தினோம். மழைன்னா மழை.

கொல்லிமலைக்கு வந்தவங்களுக்குத் தெரியும். அடிவாரம் காரவள்ளி. அங்கேர்ந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டிருப்பாங்க. பைக்ல வர்ற பசங்க ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே ஏறி, 70 வந்ததும் செல்ஃபி எடுத்துப்பாங்க. நாங்க அன்னிக்கு 70லேர்ந்து கீழ எண்ணினோம். டிரைவர் அண்ணன் ஒவ்வொரு வளைவுலயும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி ஒடிச்சுத் திருப்பறார். வேகமாப் போனா ஸ்ட்ரெச்சர் சாயும். மெதுவாப் போனா நேரம் போகும்.

ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிட்டு ஆயா கேட்டுச்சு:

"எத்தனாவது வளைவுடா சாமி?"

"நாப்பத்தாறு ஆயா. பேசாதே."

"இன்னும் அவ்வளவு இருக்கா? டிவியில காட்டறப்ப ரெண்டே வளைவுல மேல வந்துடறானுங்களேடா..."

108 அண்ணன்களும் சிரிச்சுட்டாங்க. எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. நாமக்கல்ல அட்மிட் பண்ணி, ஊசி போட்டு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் டாக்டர் பயம் இல்லைன்னார். ஆயா இன்னிக்கும் இருக்கு. காலையில ரெண்டு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. நடுவுல சீரியல்.

ஆயாவுக்குப் பச்சிலை தெரியாதா? நல்லாவே தெரியும். சளின்னா ஆடாதொடை, தூதுவளை. அடிபட்டா எந்தத் தழையை அரைச்சுக் கட்டணும்னு அதுக்குத் தெரியும். எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்காம எந்தக் காரியமும் செய்யாது. அன்னிக்குக் கூட திருநீறு பூசிட்டுத்தான் வண்டியில ஏறிச்சு. ஆனா ஏறிச்சு. அதான் விஷயம். மூலிகை மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கிழவி, எதுக்குப் பச்சிலை, எதுக்கு ஆஸ்பத்திரின்னு பிரிச்சுத் தெரிஞ்சு வச்சிருக்கு. அந்தப் பிரிவினைதான் சீரியல்ல எடிட்டிங்ல போயிடுது.

இதைத்தான் சீனியர்கிட்டச் சொன்னேன். "அண்ணா, நீங்க மேல வர்றதுக்கு வழி கேக்கறீங்க. உசுருன்னு வந்தா எங்காளுங்க எல்லாம் கீழதாண்ணா இறங்கறோம். டயாலிசிஸை நிறுத்திடாதீங்க."

அவர் ஒண்ணும் சொல்லலை. தலையாட்டிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் கழிச்சு வந்து, அம்மாகிட்ட வளைவு எண்ணின கதையைச் சொன்னதாவும், அவங்க ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப கோயிலுக்கு மட்டுமாவது போயிட்டு வரலாமா?"ன்னு கேட்டதாவும் சொன்னார். தாராளமா! ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வந்தார். அப்பா கூட அன்னிக்கு அக்கா இருந்தாங்க. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டாங்க. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கணும்கறதால மேலேர்ந்தே ஒரு கும்பிடு. மத்தியானம் எங்க வீட்டுலதான் சாப்பாடு. அந்த அம்மாவும் ஆயாவும் திண்ணையில உக்காந்து 'எதிர்நீச்சல்' மாரிமுத்துவைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினாங்க. நோயைப் பத்திப் பேசவே இல்லை. டயாலிசிஸ் தொடருது. அதுக்கு மேல அடுத்தவங்க வீட்டுக் கதையை எழுத எனக்கு உரிமை இல்லை.

அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் பார்த்த அத்தனை சினிமாவுலயும் கொல்லிமலையில வண்டி மேலதான் ஏறியிருக்கு. ஒரு வண்டி கூட கீழ இறங்கினதில்லை. ஆனா எங்க வாழ்க்கை பூரா இறங்கறதுதான். மிளகு இறங்கும். பலாவும் அன்னாசியும் வாழையும் இறங்கும். மூட்டை மூட்டையா மரவள்ளி இறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் (ஒரு காலத்துல சாமையும் தினையும் ராகியும் விளைஞ்ச நிலத்துல நிறைய இடம் இப்ப மரவள்ளிக்குப் போயிடுச்சு). காலேஜுக்குப் புள்ளைங்க இறங்கும். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்கு ஆளுங்க இறங்கும். நோயாளி இறங்குவாங்க. நானே இறங்கி வந்தவன்தான்.

மலை ஜனங்களை ஒழுங்காக் காட்டின படமே இல்லையான்னா, இருக்கு. என் லிஸ்ட்டுல முதல் இடம் லெனின் பாரதியோட 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). தேனிப் பக்கத்துக் கதை. அதுல ஏலக்காய் மூட்டையைத் தோள்ல சுமந்துக்கிட்டு மலைப் பாதையில இறங்குவாங்க. ஒரு மூட்டை உருண்டு பள்ளத்துல போய்ச் சிதறுற இடத்துல, ஒருத்தனோட நிலக் கனவே உருண்டு போகும். பேய் இல்லை, சித்தர் இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கினது அந்த சீன்லதான். எங்க அப்பா கூட உக்காந்து பார்த்தேன். படம் முடிஞ்சதும் "நம்ம மிளகு மூட்டை மாதிரியே இருக்குதுடா"ன்னார். அவர் வாழ்க்கையில சொன்ன ஒரே சினிமா விமர்சனம் அது.

ரெண்டாவது ஜனநாதனோட 'பேராண்மை' (2009). ராக்கெட், சதி எல்லாம் கொஞ்சம் ஓவர்தான். ஆனா பழங்குடியிலேர்ந்து படிச்சு வேலைக்கு வந்த ஒருத்தனை மேலதிகாரி எப்படிப் பேசுவான்னு அதுல காட்டின மாதிரி வேற யாரும் காட்டலை. ஸ்காலர்ஷிப் ஃபாரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா நின்ன எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அந்தப் படம் வேற மாதிரி புரியும். 'கும்கி' (2012) பாட்டுக்கும் யானைக்கும் பிடிக்கும், ஆனா அதுல மலை ஜனங்க கீழேர்ந்து வர்ற ஹீரோவோட காதலுக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கும். வெற்றிமாறனோட 'விடுதலை' முதல் பாகம் (2023) பார்த்துட்டு ஒரு நாள் பூரா யார்கிட்டயும் பேசலை.

ஆக, எடுக்கத் தெரியாம இல்லை. கொல்லிமலைன்னு பேரு வந்தாத்தான் கை தானா உடுக்கையை எடுக்குது.

அதனால கோலிவுட்டுக்கு ஃப்ரீயா ஒரு கதை தர்றேன். 'கைதி' (2019) பார்த்தீங்கல்ல? ஒரே ராத்திரி, ஒரு லாரி, பாட்டு இல்லை, ஹீரோயின் இல்லை, கார்த்தி பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். லோகேஷ் கனகராஜ் மூச்சு விட விடமாட்டார். அதே ஃபார்முலா. ஒரே ராத்திரி, ஒரு 108, எழுபது வளைவு, ஐப்பசி மழை. ஹீரோ டிரைவர். வில்லன் யாரும் வேண்டாம், நேரம் போதும். 30வது வளைவுல மரம் விழுந்து கிடக்கு, இன்டர்வெல். மேகம் இருக்கும், மலை இருக்கும், பயமும் இருக்கும், எங்க வேணும்னாலும் உடுக்கை அடிச்சுக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வண்டி மட்டும் கீழ இறங்கணும்.

மதுரைன்னா அருவா, ராமநாதபுரம்னா வறட்சி, கோயம்புத்தூர்னா "ஏனுங்"னு உங்க ஊரையும் இப்படி ஒரே சீனுக்குள்ள அடைச்சு வச்சிருப்பாங்களே, அதைப் பத்தி நீங்களும் ஒரு பதிவு போடுங்க மக்களே. படிக்க ஆவலா இருக்கேன்.

இந்தக் கதையைப் போன ஞாயித்துக்கிழமை போன்ல ஆயாகிட்டச் சொன்னேன். முழுசாக் கேட்டுச்சு.

"கதாநாயகி யாருடா?"

"நீதான் ஆயா. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே வருவே."

"படம் பூராவுமா? எந்திரிச்சு ஒரு பாட்டாவது பாடறாப்புல வையிடா."

வச்சிட வேண்டியதுதான்.